மெழுகுத் திட்டு

இரவு ஷிஃப்ட் முடிந்து ரெம்ஸி நேரே கடைக்கு வந்தான்.
இமை ஓரத்தில் கழுவியும் போகாத கரி,
மை தீட்டியதுபோல்.
கையில் ஷூ பெட்டி, ஆணியால் குத்திய ஏழு ஓட்டை.
மாடிவீட்டு டீச்சர் ஊர் மாறும்போது விட்டுப் போனதாம்.
மூன்று வயசாம்.
"யேதெர் அக்கா, பார்த்துச் சொல்.
ஆணா, பெண்ணா?"

கோஸ்லுவில் அன்றைக்கும் மழை.
தினை மூட்டையை நகர்த்திவிட்டு
விளக்கடியில் பெட்டியைத் திறந்தேன்.
மஞ்சள். வேறெதுவும் கலக்காத மஞ்சள்.
கழுத்தில் புள்ளியில்லை, முதுகில் வரியில்லை,
கண் மட்டும் மாதுளை முத்து.

பச்சை பட்ஜி என்றால் வாசலிலேயே சொல்லியிருப்பேன்.
அலகுக்கு மேலே மெழுகு சொட்டியதுபோல் ஒரு திட்டு;
நீலம் என்றால் ஆண்,
காய்ந்த ரொட்டித் தோல் நிறம் என்றால் பெண்.
இருபத்திரண்டு வருஷமாய்த் தீர்ப்பு சொல்லி அலுத்த வாய்.
இதற்கோ இளஞ்சிவப்பு,
குஞ்சாக இருந்தபோது வாங்கியது
இன்னும் திருப்பித் தராமல்.

"நீலம் எங்கே போச்சு?"
நீலம் தனியாக வராது, ரெம்ஸி.
அடியில் கறுப்பு வேண்டும்,
அதன்மேல் வெளிச்சம் விழுந்தால்தான் நீலம்.
இதன் உடம்பில் கறுப்பே ஊறவில்லை.
அவன் தன் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டான்.

"ஆண்தானே? ஆண்தான் பேசுமாம்.
உன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் என்று
மகளிடம் சொல்லிவிட்டேன்."

என் பேருக்கு இந்த ஊரில் பொருள் சொல்ல வேண்டாம்.
போதும் என்று அர்த்தம்.
நாலாவதும் பெண் என்றதும் அப்பா வாயில் வந்த சொல்;
அதையே பதிவேட்டில் எழுதிவிட்டார்கள்.
அடுத்தவள் சோங்குல், கடைசி ரோஜா.
அதற்கும் அடுத்தவளுக்கு
ஒரு மாசம் பேரே வைக்கவில்லை.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் பெண்.
இருப்பதுபோல் இருந்தது,
விளக்கைத் திருப்பினால் இல்லை.
விரலை நீட்டினேன்.
ரத்தம் வரக் கடித்தது.
பெண்தான் இப்படிக் கடிக்கும் என்பார்கள்.
மறுநொடி தலையை ஆட்டி ஆட்டி
என் மோதிரத்திடம் என்னவோ கொஞ்சியது.
ஆண்தான் இப்படிக் கொஞ்சும் என்பார்கள்.
என்பார்கள்.

எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும்
ஒரே சொல்: ஓ.
உதட்டைக் குவித்தால் யாரையும் குறிக்கலாம்.
ஆனாலும் மூடி திறந்ததும்
முதல் கேள்வி இதுதான்.

"வசந்தம் வரை பொறு.
திட்டு தடித்துப் பொருக்குத் தட்டினால் பெண்."
"தட்டாவிட்டால்?"
"அப்போதும் தினை தின்னும்."

கால் கிலோ நிறுத்தேன்.
கணவாய் ஓடு ஒன்று சும்மா போட்டேன்.
பெட்டியை ஜாக்கெட்டுக்குள் செருகி
மழைக்குள் இறங்கியவன் படியில் திரும்பினான்.
"அது வரைக்கும் என்ன பேர் வைக்கிறது?"

கடிபட்ட விரல் என் வாயில் இருந்தது.