நாற்பது விநாடி

மணமகனின் தாய் வெள்ளிக் கிண்ணத்தை உயர்த்துகிறாள்.
அத்தோடு சரி.
திரை உறைந்துவிட்டது.
விளிம்பைத் தாண்டிய ஒரு சொட்டுப் பால்
விழவும் இல்லை, திரும்பவும் இல்லை.
எழுந்து போய்த் தேநீரில் உப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன்.
இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
இந்தக் குளிரில் உலான்பாத்தரில் யார் கல்யாணம் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.
லாமா நாள் குறித்துவிட்டால்
மைனஸ் முப்பதிலும் மணப்பெண் தோள் தெரிய நின்று சிரிப்பாள்.

‘பெட்டியைத் திறந்து பாரேன்’ என்றான்
எதிர்வீட்டு டிராலிபஸ் ஓட்டுநர் தூமென்பாயர்.
திறந்தேன்.
பதின்மூன்று வருடத் தூசி, பூனை முடி,
எப்படிப் போனதென்றே தெரியாத என் ஒற்றைக் காதணி.
நான்கு ஸ்லாட்.
ஒன்றில் மட்டும் ஒரு பச்சைத் தகடு, இரண்டு ஜிபி.
அட, இத்தனை கல்யாணத்தையும்
நீ ஒருத்தனா சுமந்தாய்?

கணினிச் சந்தை, மூன்றாம் மாடி.
கையுறைக்குள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
வியர்வை பாதியைத் தின்றுவிட்டது.
டிடிஆர் வரை தெரிகிறது.
அதற்கப்புறம் மூன்றா, எட்டா?
‘எட்டு இன்னும் பிறக்கவில்லை, அக்கா’ என்றாள் சரூல்,
நகப்பூச்சு உரிந்த விரலால் இரண்டு தகடுகளை அருகருகே வைத்து.
‘இது மூன்று, இது நான்கு. பார்க்க ஒரே முகம்.
இந்த வெட்டு மட்டும் ஒரு நெல்லளவு தள்ளியிருக்கும்.
பொருத்தம் பார்க்காமல் திணித்தால் போர்டு போய்விடும்.’
எனக்கா சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு ஜிபியில் புதிதாக ஒன்று, தொண்ணூறாயிரம் துக்ரிக்.
நாலு ஜிபியில் பழையதாக இரண்டு, எழுபது.
‘இரண்டாக எடுங்கள், ஒரே கம்பெனி, ஒரே வேகம்.
ஒரே நேரத்தில் இரண்டு வாசலிலும் சரக்கு இறங்கும்.’
கியாரண்டி?
‘ஏழு நாள்.’
சில கல்யாணங்களைவிட அதிகம்தான்.

வீட்டுக்கு வந்து கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.
இந்த ஊர்க் குளிர்காலத்தில் கதவுக் கைப்பிடிகூடக் கடிக்கும்.
கணவனை முத்தமிட்டால் பொறி பறக்கும்;
அது காதல் இல்லை, காற்றின் வறட்சி.
ரேடியேட்டர் குழாயைத் தொட்டேன்.
சொடக்.
உடம்பில் தேங்கிக் கிடந்ததெல்லாம்
நகரத்தின் வெந்நீர்க் குழாய்களோடு போயிற்று.

பழையதை எடுத்தேன். புதியவை இரண்டையும் வைத்தேன்.
பொத்தானை அமுக்கினேன்.

பீப். பீப். பீப்.

பூனை கட்டிலுக்கடியில்.
திரை கறுப்பு.
வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன கல்யாணம் மூன்று.

தூமென்பாயருக்குப் போன் போட்டால் பஸ்ஸில் இருக்கிறான்,
பின்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை.
‘ரப்பரால் பல்லைத் தேய்!’ என்று கத்தினான்.
தகட்டின் தங்கப் பல்லை என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.
மகளின் பென்சில் டப்பாவில்
ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு ஒரு ரப்பர் இருந்தது.
தேய்த்தேன், ஊதினேன்.
இந்த முறை தயவு பார்க்கவில்லை,
கட்டை விரல் வெளுக்கும் வரை அழுத்தினேன்.
இரண்டு பக்கமும் கொக்கி தானாக எழுந்து
கடித்துக்கொண்டது.
பயந்து பயந்து வைத்தால் எதுவும் உட்காராது போலிருக்கிறது.

கறுப்பில் வெள்ளையாய் வந்தது எண்: 8192.

ஓடவிட்டேன்.
கிண்ணம் உயர்ந்தது, சொட்டு விழுந்தது,
அவள் குடித்தாள், எல்லாரும் கைதட்டினார்கள்,
அடுத்த காட்சியில் குதிரைத்தலைப் பிடில்.
அவ்வளவுதானா?

உறைந்து நின்ற ஒவ்வொரு நாற்பது விநாடியும்
நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கண்களை.
அவை மணப்பெண்மேல் இல்லை.
வாசல்மேல் இருந்தன.
அங்கே யாரும் நிற்கவில்லை.
இப்போது அது கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது.

பின்னுக்குப் போய் நிறுத்தினேன்.
இந்த முறை நிறுத்தியது நான்.

அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கியிருக்கிறேன்.
நாற்பது இல்லை, நாலு விநாடி.
மாப்பிள்ளை வீட்டார் ஏனென்று கேட்டால்
காதணிப் பெட்டியில் பழைய ரேம் இருக்கிறது,
எடுத்துக்காட்டிப்
பழியை அதன்மேல் போட்டுவிடுவேன்.