நாற்காலிக்கு என்ன விலை

ஞாயிறன்று என் கதவை
மெல்லத்தான் திறக்க வேண்டும்.
விடிவதற்குள் வாசற்படியில்
வில்மாரின் கடை முளைத்திருக்கும்:
குழாய்த் திருகுகள், கண்ணில்லாத பொம்மை,
ஒரு வாளி நிறைய
எந்தப் பூட்டும் தேடி வராத சாவிகள்.
ரொட்டி வாங்கப் போகிறவள்
பாவாடையைச் சுருட்டிப் பிடித்துத் தாண்ட வேண்டும்
யாரோ சாப்பிட்டு முடித்த தட்டுகளை.

வாரத்தில் ஆறு நாள்
த்ரிஸ்தான் நர்வாஹா
வக்கீல்களும் மாணவர்களும் போகிற தெரு.
ஏழாம் நாள்
மொந்தெவிதேயோ தன் பையைக் கவிழ்த்துக் கொட்டி
எதையோ தேடுகிறது இங்கே.
தக்காளிக்கு அடுத்துச் சட்டப் புத்தகம்,
அதற்கடுத்துக் கூண்டில் முயல்,
முயலுக்கு அடுத்து ஒற்றைச் செருப்பு விற்கிறவர்.
"இன்னொன்று?" என்றால்
"அடுத்த வாரம்" என்கிறார்
மூன்று வருடமாக.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை,
கையில் மாத்தே ஊறும் சுரைக்குடுக்கை,
பர்ஸைத் தாடையில் இடுக்கிக்கொண்டு
பேரம் பேசுகிறது ஊர்.

போன வாரம் வில்மார்
"ஐந்தே நிமிடம், ஓதீலியா" என்று
ஒதுங்கப் போனான்.
என் சமையலறை நாற்காலியை இழுத்துப்போட்டுக்
காவலுக்கு உட்கார்ந்தேன்.
மூன்று சாவி விற்றேன்.
பொம்மையைத் தொட்ட சிறுமியை
அவள் அம்மா இழுத்துப் போனாள்.
பிறகு தொப்பிக்காரர் ஒருவர்
என்னைப் பார்க்காமல்
எனக்குக் கீழே பார்த்து
"எவ்வளவு?" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னேன், இரண்டாயிரம் பெசோ.
"ஆயிரம்" என்றார்.
சுருக்கென்றது.
இருபது வருடம் வெங்காயம் உரித்த நாற்காலி,
ஆயிரமா?
ஆயிரத்து நூறு, ஆயிரத்து முந்நூறு,
ஆயிரத்து ஐந்நூறு வரை ஏற்றினேன்.
ஏற்றிய வேகத்தில்
எழுந்தும் நின்றுவிட்டேன்.
நான்கு கால்களும் வானம் பார்க்க
கூட்டத்துக்கு மேலே
அது மிதந்து போனது.

வில்மார் வந்து
பத்து சதவீதம் கேட்டான்.

இன்று, பதினோரு மணி,
நான்கு தெரு தள்ளி
அதே நாற்காலி.
பச்சைப் பெயின்ட் அடித்து
பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது என்கிறாள் ஒருத்தி.
நாலாயிரத்து ஐந்நூறாம்.
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன்.
முதுகுக்குத் தெரிந்தது முதுகு.
இடது பின்கால்
லேசாக ஆடியது,
அதே கால், அதே ஆட்டம்.

"நல்ல நாற்காலி, இல்லையா?"

"கால் ஆடுகிறதே" என்றேன்
பர்ஸைத் தாடையில் இடுக்கிக்கொண்டு.