மூக்குப் பாரம்

கிராண்ட்பாஸ் பழைய இரும்புக் கிடங்கில்
லொறி நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது.
சனிக்கிழமை காலை அதில் ஏற்றினோம்
எங்கள் கரவனை.
கிடங்குக்கார விமலசூரிய
சுற்றி வந்து, விரலால் தட்டிப் பார்த்து,
கிலோவுக்கு இவ்வளவு தரலாம் என்றான்.
விற்க இல்லை அண்ணே, நிறுக்க மட்டும்.
இப்படியும் ஆட்களா என்பதுபோல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

ஆயிரத்து இருநூற்று எண்பது.

விற்றவன் சொன்னது எண்ணூற்றைம்பது.
அது வெறுங்கூட்டின் கணக்கு.
அதில் கொத்துத் தட்டு இல்லை,
சட்டி பானை இல்லை, காஸ் சிலிண்டர் இரண்டும் இல்லை,
இருநூறு லீட்டர் தண்ணீர் இல்லை,
என் மச்சாள் யோகராணி ஆசைப்பட்டுச் செய்வித்த
கருங்கல் மேடை
இல்லவே இல்லை.

பிறகு கார் ஏறியது.
ஆயிரத்து நூற்றுப் பத்து.
மச்சாள் முணுமுணுத்தாள்:
தான் போக வழியில்லாத மூஞ்சூறு
விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டதாம்.

வியாழக்கிழமை அது நடந்தது.
வத்தளையில் வேலை முடித்து எடுத்து வருகிறேன்.
பேலியகொடையில் ஒரு கொன்டெய்னர் லொறி
உரசுகிற மாதிரி முந்திப் போனது.
காற்று முதலில் எங்களைத் தள்ளியது,
பிறகு இழுத்தது.
கண்ணாடியில் பார்த்தால்
கரவன் என் இடப்பக்கம் வந்து எட்டிப் பார்க்கிறது,
உடனே வலப்பக்கம்,
மறுபடி இடம், முன்னதிலும் அகலமாக.
காரின் பின்புறத்தை யாரோ
தலைமயிரில் பிடித்து உலுக்கினார்கள்.

பிரேக்கை மிதித்திருந்தால் மடங்கியிருப்போம் என்று
பிறகு பாஹிம் சொன்னான்.
நான் மிதிக்கவில்லை.
அறிவால் அல்ல.
செருப்பு கழன்றிருந்தது,
கால் அதைத் தேடிக்கொண்டிருந்தது.
அதற்குள் வேகம் தானாக விழுந்து
ஆட்டமும் அடங்கியது.

பஞ்சிகாவத்தையில் பாஹிமோடு சண்டை பிடித்தேன்.
நான் போட்ட கொக்கி உடையவில்லைதானே அக்கா?
சரி, உடையவில்லை.
பொருத்தம் பார்க்காமல் பூட்டினால் இப்படித்தான் என்றான்.
எனக்குப் பத்தில் எட்டுப் பொருத்தம் பார்த்துத்தான்
கட்டி வைத்தார்கள், தம்பி.
நிறுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரித்துவிட்டு ஒரு மட்டை அட்டையில் எழுதினான்:
கார் நூறு என்றால் கரவன் எண்பத்தைந்து.
அதற்கு மேல் ஒரு இறாத்தலும் வேண்டாம்.

கழித்தோம்.
தண்ணீர், போய்ச் சேர்ந்த இடத்தில் பிடிக்கலாம்.
சிலிண்டர் ஒன்று போதும்.
கருங்கல்லில் யோகராணி
இரண்டு கையையும் ஊன்றி நின்றாள், பேசவில்லை.
நாலு பேர் சேர்ந்துதான் இறக்கினார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று என்றது தராசு.
எல்லைக்கு இந்தப் பக்கம்
இரண்டே கிலோ.

முடியவில்லை இன்னும்.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் இரவல் வாங்கிய
வெங்காயத் தராசைக் கொக்கியின் கீழ் வைத்து
மூக்கை இறக்கினோம்.
பதினாலு.
மூக்கு இலேசென்றால் வால் கூத்தாடும்.
மாவு மூட்டையை அச்சுக்கு நேர் மேலே நகர்த்தி,
சிலிண்டரை முன்னுக்குக் கொண்டுவந்து,
தட்டை நடுவில் சங்கிலியால் கட்டி,
மறுபடி இறக்கினோம்.
ஐம்பத்தெட்டு.
தராசில் ஒட்டியிருந்த வெங்காயத் தோல்
பறந்து போனது.

இன்று மாலை மரைன் டிரைவ்.
தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் ஒன்று
கடலை மறைத்துப் போய், திரும்பக் கொடுத்தது.
உப்புக் காற்று பக்கவாட்டில் அறைந்தது.
செருப்பைக் கழற்றி அடுத்த இருக்கையில் வைத்திருந்தேன்.
கண்ணாடியைப் பார்த்தேன்.
கரவன் நேர் பின்னால்,
கண்ணாடி நிறைய,
வேறெங்கும் பார்க்காமல்.

கல் இப்போது எங்கள் குசினித் தரையில் கிடக்கிறது.
யோகராணி அதில் ரொட்டி மா அடிக்கிறாள்,
தேவைக்கு மேல் பலமாக.

கொள்ளுப்பிட்டியில் பின்னால் ஒருத்தன்
விடாமல் ஹோர்ன் அடித்தான்.
அடிக்கட்டும்.
நாற்பதுக்கு மேல் நான் போகமாட்டேன்.