நாலாயிரம் ஹெர்ட்ஸ்

அழைப்பிதழின் பின்பக்கத்தில்
கமலவேணியின் வாழ்க்கை பதினோரு வரியில் முடிந்துவிட்டது.
சோமனூரில் பிறந்தார். ஒலிக்கலைஞர்.
ரோட்டர்டாம், ஒசாகா, மறுபடியும் ரோட்டர்டாம்.
போர்வெல் குழி பற்றி அரை வரி.

அந்தக் குழி நான் போட்டது.
அவினாசிக்கு வடக்கே, ஆயிரத்து நூத்தி நாப்பது அடி.
புகையைத் தவிர ஒன்றும் வரவில்லை.
தோட்டக்காரர் பாக்கியும் தரவில்லை.
நாலு மாதம் கழித்து இந்தப் பொண்ணு வந்து
‘ஏனுங், அதுக்குள்ள ஒரு மைக்கு எறக்கித் தருவீங்களா’ என்றது.
கிறுக்குகளிடம் நான் முன்பணம் வாங்கிவிடுவேன்.
வாங்கினேன்.

சைக்கிள் டியூப் சுற்றிய மைக்கு.
அறுநூறு அடியில் கைகாட்டி நிறுத்தி
ஹெட்போனை என் தலையில் மாட்டியது.
மூன்றாவது தோட்டத்து மோட்டார்,
அதற்கும் அப்பால் பைபாஸ் லாரிகள்,
எல்லாம் பாறைக்குள் நடந்துகொண்டிருந்தன.
‘தண்ணி இருக்குதா?’
‘அதைக் கேக்கறதுக்கு இல்லீங்.’

அப்புறம் கூப்பிட்டபோதெல்லாம் போனேன்.
கண்ணபுரம் சந்தையில்
துண்டுக்கடியில் இரண்டு கைகள் காளைக்கு விலை பேசுகையில்
விரல் உரசுவதைப் பதிவு செய்தது
(விலை வெளியே போயிடும் என்று
தரகர் ஒருத்தர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்).
ஒரு ஆடி முழுக்க
பல்லடத்துக் காற்றாலைக் கம்பத்தில் காது.
முதல் நிகழ்ச்சிக்கு ஏழு பேர்,
அதில் இரண்டு பேர் மின்வாரியம்.
கரண்ட் போனதும் ஒவ்வொன்றாக அடங்குகிற ஒன்பது தறி,
அதற்குத்தான் வெளிநாட்டில் பரிசு.
‘நம்ம தறிச் சத்தத்துக்கு டிக்கெட்டா?’
அவங்கப்பா சிரித்தார், வரவில்லை.
பரிசுக்கு அடுத்த வருஷம்
கல்யாண வீடியோவுக்குப் பாட்டு ஒட்டித்தான் வாடகை கட்டியது.

கோயம்புத்தூர் டாக்டர் வரைந்த தாளை என்னிடம் காட்டியது.
கோடு நேராக வந்து
நாலாயிரம் ஹெர்ட்ஸில் செங்குத்தாக இறங்கி
மறுபடி ஏறியது.
எனக்குத் தெரிந்த வடிவம்தான்.
தூளி கட்டினதே தறிக் கொட்டாயில் என்றது.

போன மாதம் சோமனூர் கல்யாண மண்டபம்.
படைப்பின் பெயர் ‘பாக்கி.’
எட்டு ஸ்பீக்கர். தறிக்காரர்கள் நூறு பேருக்கு மேல்,
ஷிப்ட் விட்ட சட்டையோடு.
இந்தத் தடவை அப்பாவும்.
விளக்கணைந்தது.
ஃபேன் சத்தம். யாரோ இருமினார்கள்.
ஒயர் போய்விட்டது போல என்று எழுந்தேன்.

என் மகள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.
முன்வரிசைப் பொடிசுகள் எல்லாம்.
கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழ, தாய் தூக்கிக்கொண்டு ஓடினாள்.
நாங்கள் பெரியவர்கள்
மரியாதையாக உட்கார்ந்திருந்தோம்,
நாப்பது நிமிஷம்.
கமலவேணி மெஷினைப் பார்க்கவில்லை,
வலது காதைச் சாய்த்து
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கம்ப்ரசர் பக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
வண்டி எடுக்கும்போது மகளைக் கேட்டேன்:
எப்படி இருந்துச்சு, அந்தச் சத்தம்?
விசிலடித்துக் காட்டினாள்.

உதடு குவிந்திருந்தது.
பார்த்துக்கொண்டே நின்றேன்.