இருபத்துமூன்றாம் நிமிடம்

ஹாமில்டனில், பழைய ஹாக்கி அரங்கில்
அவன் ஏழு எட்டில் தொடங்கினான்.
தகிட தகதிமி என்று தொடையில் விரல் எண்ணியது.
எனக்கும் பிரணவரூபனுக்கும் அதுவரை சண்டையில்லை.

முதல் ஆறு தட்டுகள்தான் தட்டு,
ஏழாவதுக்கு முன் முழுக்கு வாங்கினான், எல்லாம் போச்சு:
நெடுஞ்சாலை முழுக்க இதே பேச்சு.
நான் அந்த ஏழாவதை ஒளித்து வைத்திருக்கிறேன்,
விண்டர் டயர்களுக்குப் பின்னால்.
எனக்கு ஏசு இல்லை. முருகனே பாதிதான்.
ஆனாலும் அந்த ஆர்கன் இறங்குமிடத்தில்
யாரென்று தெரியாத யாரிடமோ
மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

இருபத்துமூன்றாம் நிமிடம்
கிட்டாரை இறக்கிவைத்துக் கண்மூடினான்.
"கர்த்தாவே" என்றான், மைக் இல்லாமல்.
முன்வரிசைகளில் கைகள் எழுந்தன.
பின்வரிசைகள் பியர் வாங்கப் போயின.
எல்லார் முதுகிலும் அதே டூர் சட்டை, அதே ஊர்ப்பட்டியல்.
பிரணவன் ஜாக்கெட்டை உருவிக்கொண்டு வெளியேறினான்.
நான் கை தூக்கவுமில்லை, எழவுமில்லை.
யாரோ சிந்திய பாப்கார்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கிங்கில் பனி தூவுகிறது.
காருக்குள் அவன், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு.
ஸ்டியரிங்கில் விரல்கள்:
மூன்று, நான்கு. மூன்று, நான்கு.

கண்ணாடியைத் தட்டினேன்.
"முடிஞ்சுதோ உங்கட பிரசங்கம்?" என்றான்,
தாளத்தை விடாமல்.