எட்டு

செவ்வாய் இரவு சாவி வந்தது,
பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி.
கூடவே நிபந்தனை:
வியாழன் மாலை நான்கு மணி வரை
வாய் திறக்கக் கூடாது.

தார்த்துவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு கல்லாகக் கிடக்கிறது.
ஹீட்டர் மேல் ஈரக் காலுறை.
எப்போதும் செய்வதைச் செய்தேன்:
விளக்கை அணைத்தேன்,
நோட்டில் தேதி எழுதி அடிக்கோடிட்டேன்.

'வடக்குப் படிக்கட்டு' என்று பெயர்.
இடிக்கப்போகும் ஐந்து மாடிக் குடியிருப்பு.
நீங்கள்தான் வீவிகா, நகராட்சி ஆள்.
வீடு வீடாகப் போய்
ஆள் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.
ஆள் இருக்கிறார்கள். அதுதான் கதை.

நோட்டில் இருப்பது:
கதவுச் சத்தம் பிரமாதம், ஒவ்வொரு பூட்டும்
ஒவ்வொரு விதமாக இருமுகிறது.
இரண்டாம் அத்தியாயம் இழுவை.
கேரட் நறுக்கும் காட்சி எதற்கு?

கொதிகலன் பார்க்கும் ஹெல்தூர்
மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறான்.
விமர்சனத்தில் இதைச் சொன்னால் வேலை போய்விடும்.
இங்கே சொல்லலாம்.

நான்காம் அத்தியாயம், அதே தாழ்வாரம்.
ஹெல்தூர் நிற்கிறான்.
கையில் கெட்டில், முகம் சுவரைப் பார்த்து.
யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.
அவன் மனைவி
அவனுக்குள்ளேயே நடந்து போய்
குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறாள்.
கிட்டே போனால் 'பேசு' என்று ஒளிர்கிறது.
அழுத்தினேன்.
வசனப் பெட்டி திறந்தது, காலியாக.
மூடிக்கொண்டது.
மறுபடி அழுத்தினேன்.

இருபது நிமிடம்.
கெட்டிலின் ஆவி மட்டும் அடங்கவே இல்லை.

பதினோரு வருடத்தில் நான் எழுதிய
நல்ல பத்தி அன்று இரவு எழுதியதுதான்.
காற்புள்ளி முதற்கொண்டு சரியாக விழுந்தது.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
அதைச் செய்தவர்களுக்கு ஒரு கடிதமும் போட்டேன்:
இந்த யோசனை யாருடையது?

பார்னுவில், சலவைக்கூடத்து மாடியில், ஐந்தே பேர்.
ராய்கோ உடனே பதில் எழுதினான்.
'தெரிந்த பிழைதான். எண் நூற்றுப் பதினெட்டு.
சாவுக் காட்சி முடிந்ததும்
உருவத்தை நீக்க மறந்துவிட்டோம்.
வெளியீட்டு நாள் திருத்தத்தில் போய்விடுவான்.
சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

சிரமம்.

அவனை எடுத்துவிடாதீர்கள் என்று எழுதினேன்.
அழித்தேன்.
நன்றி என்று அனுப்பினேன்.

உர்வே போனில் கேட்டாள்: எண் என்ன?
ஆசிரியராக வந்த அன்றே
'நெகிழ்ச்சி'யைத் தடை செய்தவள் அவள்,
'மறக்க முடியாத'வையும்.
காசு கொடுத்து வாங்குகிறவனுக்குக் கிடைக்காத ஒன்றை
நீ எப்படிப் புகழ்வாய்? அவன் இல்லாமல் எவ்வளவு?
ஏழு.
அவனோடு?
அதற்கு எண் இல்லை என்றேன்.
அப்படியானால் ஏழரை போடு.
ஏழரை எனக்கு ஆகாது.
அவள் சிரித்தாள். பின்னால் யாரோ
துரப்பணம் போட்டுச் சுவரைக் குடைந்தார்கள்.
எட்டு, என்றேன், பத்தியை நானே எடுத்துவிடுகிறேன்.

வியாழன், நான்கு மணி.
எல்லா ஊரிலும் எல்லோரும் ஒரே நேரத்தில்
வாய் திறந்தார்கள்.
ரீகாவில் ஒருவர் கடைசி வரியில் போகிறபோக்கில்:
'சில இடங்களில் ஒரு பாத்திரம்
சுவரில் சிக்கி நிற்கிறது; சரிசெய்வார்கள் என நம்பலாம்.'

அவருக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றியது.
நீங்கள் 'பேசு' அழுத்தினீர்களா?
எத்தனை முறை?

இணையக் கம்பியை உருவி
மேசைக் காலில் சுற்றி வைத்திருக்கிறேன்.
இயந்திரம் தினமும் கேட்கிறது,
திருத்தம் காத்திருக்கிறது, இப்போது நிறுவவா?
பிறகு.

நேற்று அடுத்த சாவி வந்தது.
ஏதோ கடற்கொள்ளை, அறுபது மணிநேரம்.
இடம் போதவில்லை, எதையாவது நீக்கு என்கிறது.
கார் பந்தயத்தை நீக்கினேன்.
போதவில்லை.
பாதி முடித்த இரண்டு யுத்தங்களை நீக்கினேன்.
போதவில்லை.
பட்டியலில் இன்னும் ஒரே ஒரு பெயர்.
அதைத் திறந்தேன், சும்மா பார்க்க.
தாழ்வாரம். அதே முதுகு.
ஆவி வந்துகொண்டிருக்கிறது.

உர்வேக்குப் போன் போட்டு
இந்தக் கொள்ளைக்காரர்களை
வேறு யாருக்காவது கொடு என்றேன்.