சாதுக் கட்டி

செவ்வாய்க்கிழமைகளில் ஜூரோங் ஆஸ்பத்திரி,
பதினான்காம் அறை.
டாக்டர் குவாவுக்கும் சேவுகப்பெருமாளுக்கும் நடுவே
சக்கரம் வைத்த முக்காலியில் நான்.

எப்படி வலிக்கிறது, கேளுங்கள்.
கேட்டேன்.

விண்ணு விண்ணுன்னு இல்லீங்க.
சுருக்குன்னும் இல்ல.
வலது விலாவுக்குக் கீழ யாரோ
உக்காந்திருக்கற மாதிரி.
ராத்திரி டார்மிட்டரியில
மேல்கட்டில்ல நான் திரும்பிப் படுத்தா
அவனும் திரும்பிப் படுக்கறான்.
ஒரு மாதிரியா இருக்கு, அவ்வளவுதான்.

படிவத்தில் பூஜ்யம் முதல் பத்துவரை
வட்ட வட்டமாய் முகங்கள்.
'ஒரு மாதிரி'க்கு முகம் இல்லை.
நாலு என்று எழுதினேன். வேறென்ன செய்ய.

ரத்தத்தில் எல்லாம் நெகட்டிவ், என்றார் டாக்டர் சிரித்தபடி.
அந்தச் சொல் என்னிடம் நிற்காமல்
நேராக அவரிடம் போய்விட்டது.
முகம் செத்துப்போனது.
கப்பல் பட்டறையில் அவர் கேட்ட நெகட்டிவ் வேறு.
அண்ணே, அண்ணே,
இங்க மட்டும் இல்லைங்கறதுதான் நல்ல சேதி.
தேடினது கிடைக்கலைன்னா சந்தோஷம்.
வித்தியாசமான கடையால்ல இருக்கு, என்றார்.

பிறகு ஸ்கேன்.
சாம்பல் நிறக் கல்லீரலில்
புளியங்கொட்டை அளவு வெள்ளை.
ஹெமாஞ்சியோமா என்றார் டாக்டர்.
ரத்தக்குழாய்க் கட்டி என்றேன்.
'கட்டி'யில் அவர் கை
ஒர்க் பர்மிட் இருந்த பையைத் தொட்டது.

பினைன் என்றார் டாக்டர்.
அகராதி 'தீங்கற்ற' என்கிறது.
சொல்லிப் பார்த்திருக்கிறேன்,
தீங்கு மட்டும்தான் காதில் விழும்.
அதனால்:
சாதுக் கட்டிண்ணே. வம்புக்குப் போகாது. பரவாது.

அவர் திரையையே பார்த்தார்.
சாது மிரண்டா?

என்ன சொல்கிறார்?
காட்டை விட்டேன், மிரட்சியை விட்டேன்,
'பின்னால் மாறுமா என்கிறார்' என்றேன்.
டாக்டர் பேனாவை மூடிவைத்து
அன்று முதல்முறையாக
என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துப் பேசினார்.
சரியான கேள்வி.
அநேகமாக மாறாது.
ஆறு மாதத்தில் இன்னொரு ஸ்கேன்.

அந்த 'அநேகமாக'வை நான் விழுங்கவில்லை.
விழுங்கிய செவ்வாய்க்கிழமைகள் உண்டு.

எம்சிக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை.
நோ எம்சி டாக்டர், ஓவர்டைம் கட்.

மருந்து வாங்கும் இடத்தில்
எங்கள் எண் வர இன்னும் பதினோரு பேர்.
வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தார்.
முக்கால் மணி நேரம் மூன்று பேர் சுமந்ததை
ஒரே சொல்லாக இறக்கிவைத்தார்:
ஒண்ணுமில்லையாம்.

ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல்,
வரிசை முழுக்கக் கேட்க:
ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம்?

அவர் போனை
என் பக்கம் நீட்டினார்.